ஐஸோடு இருபத்தாறு வருஷம்

மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டியிருந்த ஐஸ் பெக்டரியில் சோமசேகரம் இருபத்தாறு வருஷமாக மெஷின் ஒப்பரேட்டர். அமோனியா வாடையை மோந்து பார்த்தே எந்தக் குழாயில் கசிவு என்று சொல்லிவிடுவார். பலநாள் கடலில் தங்கும் படகுகள் புறப்படும் காலத்தில் இரவு பகலாக ஐஸ் இறங்கும். அவர் முறையில் இருக்கும்போது மெஷின் நின்றதாக ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

குடிப்பார். அதை அவர் மறைத்ததும் இல்லை. குடிகாரன் என்ற சொல்லைத்தான் ஏற்கமாட்டார். அந்தச் சொல்லுக்கு அவரிடம் ஒரு வரைவிலக்கணம் இருந்தது. குடிகாரன் என்றால் ரோட்டில் விழுந்து கிடக்க வேண்டும், வேலைக்கு மட்டம் போட வேண்டும், பெண்சாதியை அடிக்க வேண்டும், காலையில் குடிக்க வேண்டும். இந்த நாலில் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை என்பது அவருடைய வாதம். பிறகு காலையிலும் குடிக்கத் தொடங்கியபோது நாலாவதைச் சத்தமில்லாமல் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார். ஐஸ் அறைக்குள் நிற்கிறவனுக்கு விடியற்காலையில் ஒரு மிடறு இறங்கினால்தான் விரல் மடங்கும், அது மருந்து, குடியில் சேராது என்றார். அதே குளிரில் நின்ற மற்ற ஐந்து பேரும் வெறும் தேத்தண்ணீர் குடித்துவிட்டே விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை.

மனைவி பூரணிக்குத் தபால் கந்தோரில் வேலை. அவள் செய்யாத வைத்தியம் இல்லை. நேர்த்தி வைத்தாள், நூல் கட்டினாள், மூன்று மாதம் பேசாமல் இருந்து பார்த்தாள். பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்து, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியையே வெறுக்கச் செய்யும் என்ற தூள் ஒன்றைத் தருவித்து, சுறாக் கறியில் போட்டுக் கொடுத்தாள். தூள் வேலை செய்யாமல் இல்லை. சோமசேகரம் அன்றிலிருந்து சுறாக் கறியைத் தொடுவதில்லை. சாராயத்தோடு வறுத்த கணவாய் கேட்டார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அடுத்த வீட்டுச் சம்பவம் நடந்தது. பாலையூற்றில் அவர்களுடைய வீட்டுக்கு அடுத்தது ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் பாக்கியரத்தினத்தின் வீடு. இரண்டு கேற்றுக்கும் ஒரே பச்சை நிறம். ஒரு பின்னேரம் வேலையால் வந்த சோமசேகரம் அதிபரின் கேற்றைத் திறந்து உள்ளே போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்து, சாப்பாடு கேட்டார். அதிபர் மரியாதை தெரிந்த மனிதர். மனைவிதான் இவரைச் சாப்பிட அழைத்திருக்கிறாள் போலும் என்று எண்ணிப் பேசாமல் இருந்தார். அதிபரின் மனைவியோ, கணவர்தான் அழைத்திருக்கிறார் என்று எண்ணிப் பிட்டும் கத்தரிக்காய்க் கறியும் பரிமாறினாள். சோமசேகரம் சாப்பிட்டு முடித்து, கறிக்கு உப்புக் காணாது என்று குறை சொல்லி, நாளைக்கு ஒழுங்காகச் சமைக்கும்படி சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். அது அதிபருடைய தகப்பனாரின் படம் தொங்கிய ஆணி.

பூரணி வந்து கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த நாள் அவள் சத்தம் போடுவாள் என்று சோமசேகரம் காத்திருந்தார். அவள் போடவில்லை. மத்தியானம் கழிந்து அவரே பொறுக்கமுடியாமல், ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டார்.

"எனக்குக் கோபமும் வரேல்ல, அழுகையும் வரேல்ல," என்றாள் பூரணி. "முந்தி ரெண்டும் வரும். இப்ப ஒண்டும் வரேல்ல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அந்தச் சொல் அவரை உலுக்கிவிட்டது. உடனே விடுகிறேன் என்றார். குடியை நிறுத்தும் நிலையத்துக்கோ மருத்துவரிடமோ போக அவர் நினைக்கவே இல்லை. அதெல்லாம் மனவுறுதி இல்லாதவர்களுக்கு. ஆண்பிள்ளை ஒருவன் தீர்மானித்தால் முடிந்தது. மூன்று நாள் அறைக்குள் இருந்து கதவை வெளியே பூட்டச் செய்வது, நாலாம் நாள் புது மனிதனாக வெளியே வருவது. பூட்டின் திறப்பைப் பூரணியின் கையில் கொடுத்தார்.

முதல் நாள் வியர்த்தது. இரண்டாம் நாள் கை நடுங்கி, தேத்தண்ணீர் கோப்பையை விட்டுச் சட்டைக்குப் போனது. மூன்றாம் நாள் காலையில் ஐஸ் கட்டிகள் வரிசையாக நடந்து வீட்டுக்குள் வந்தன. சோமசேகரம் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். பூரணியைக் கூப்பிட்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார், ஆனால் சூடாகக் கொடுக்கவேண்டாம், கரைந்துபோவார்கள் என்றார். அதற்குப் பிறகு கண் மேலே செருகி வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கழித்துக் கண் தெளிந்தபோது இளம் டொக்டர் ஒருவர் கட்டிலருகே நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தனிய நிப்பாட்டச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கோபமாகக் கேட்டார்.

சோமசேகரம் திகைத்துப் போனார். இருபது வருஷமாக நிற்பாட்டு, நிற்பாட்டு என்று ஊரே சொன்னது. கடைசியில் நிற்பாட்டிய அன்று, ஏன் நிற்பாட்டினாய் என்று ஒருவர் ஏசுகிறார். டொக்டர் விளக்கினார். நாள் தவறாமல் நிறையக் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் உயிரே போகலாம். மருந்து கொடுத்து, பக்கத்தில் ஆள் இருந்து, கட்டம் கட்டமாகத்தான் நிறுத்த வேண்டும். மனவுறுதிக்கு அதில் வேலை உண்டு, ஆனால் அது பிறகு. அங்கேயே ஒரு வாரம் வைத்திருந்து, பிறகு கந்தளாய்ப் பக்கம் உள்ள ஒரு புனர்வாழ்வு நிலையத்துக்கு ஆறு வாரம் தங்க எழுதிக் கொடுத்தார்.

புனர்வாழ்வு என்ற சொல்லைக் கேட்டதும் வீடு இழவு வீடு போலாகிவிட்டது. பூரணியின் தம்பி சுகிர்தன் எல்லாம் தெரிந்தவன். அவன் அங்கே போனதில்லை. போனவர் ஒருவரைத் தெரிந்த ஒருவரோடு ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறான். உள்ளே சங்கிலி போடுவார்கள், விடியற்காலையில் குளத்துத் தண்ணீரை ஊற்றுவார்கள், கேள்வி கேட்டால் அடி, கடைசியில் ஒரு ஊசி போடுவார்கள், அந்த ஊசி போட்ட பிறகு சாராயத்தின் பெயரைக் கேட்டாலே வாந்தி வரும் என்றான். சோமசேகரம் ஐஸில் நின்ற மனிதர், தண்ணீருக்குப் பயமில்லை. அடிக்குத்தான் ஆயத்தம் செய்தார். போகிற அன்று இரண்டு காற்சட்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார். பையில் நோவு எண்ணெய் நாலு போத்தல்.

அக்கம்பக்கத்துக்கு என்ன சொல்வது என்பது அடுத்த பிரச்சினை. புது ஐஸ் மெஷின் பழகக் கொழும்புக்குப் போயிருக்கிறார் என்று பூரணி சொன்னாள். அது தெரியாமல் சுகிர்தன், குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் என்று சொல்லிவிட்டான். இரண்டு கதையும் சந்திக் கடையில் சந்தித்தன. அதிபர் பாக்கியரத்தினம் இரண்டையும் கேட்டு, யோசித்து, மூன்றாவதாக ஒரு முடிவுக்கு வந்தார். ஆள் புனர்வாழ்வுக்குப் போயிருக்கிறார், காரணம் ஐஸ். சில வருஷமாக நாட்டில் பரவியிருக்கும் போதைத் தூளுக்கும் பெயர் ஐஸ்தான். ஐஸ் பெக்டரிக்காரர், ஐஸ் கேஸ். அதிபருக்குக் கணக்கு ஒத்துவந்தது.

நிலையத்தின் வாசலில் இறங்கியதும் சோமசேகரம் முதலில் பார்த்தது கம்பிவேலி. மின்சாரம் பாயும் வேலி என்று பலகை வேறு. சுகிர்தன் சொன்னது சரிதான் என்று உள்ளே போட்டிருந்த காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து வந்த பெண் முப்பது வயது மதிக்கத்தக்கவள், தலையில் முக்காடு, கையில் கோப்பு. சனூஸா என்று பெயர் சொன்னாள், தான்தான் இங்கே ஆலோசகர் என்றாள். அவர் வேலியைப் பார்ப்பதைக் கண்டு, அது யானைக்கு என்றாள்.

"அப்ப எங்களுக்கு எங்க, மிஸ்?" என்று கேட்டார் சோமசேகரம்.

அவர்களுக்கு வேலி கிடையாது. கேற்றுக்குப் பூட்டும் இல்லை, கயிறுதான் கட்டியிருந்தது. போக விரும்புகிறவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அவர் அதை நம்பவில்லை. முதல் மூன்று நாளும் இரண்டு காற்சட்டையோடே திரிந்தார். கந்தளாய் வெயிலில் அடி வாங்காமலே தொடையெல்லாம் வேர்க்குரு போட்டது. நோவு எண்ணெய் அதற்குப் பூசக் கூடாதது என்பது பூசிய பிறகுதான் தெரிந்தது.

நாலாம் நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கதைக்கும் கூட்டம். பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் பெயர், ஊர், எதில் மாட்டினார், எத்தனை காலம் என்று சொல்ல வேண்டும். இளம் ஆட்கள் ஒவ்வொருவராக, ஐஸ், ஒன்றரை வருஷம், ஐஸ், எட்டு மாதம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்கு முன்பல் இல்லை, ஒருவருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சோமசேகரத்தின் கவனமெல்லாம் ஊசித் தட்டு எந்தக் கதவால் வரும் என்பதில். தன் முறை வந்ததும் வேலையைக் கேட்கிறார்கள் என்று நினைத்தார்.

"சோமசேகரம். பாலையூற்று. ஐஸில இருபத்தாறு வருஷம்."

முழுப் பல்லோடும் ஐம்பத்தொரு வயதோடும் அவர் உட்கார்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பல் போனவர் பணிவோடு, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார்.

"சும்மா நாளில பத்துத் தொன். சீசனுக்கு இருபது போகும்," என்றார் சோமசேகரம்.

சனூஸா கோப்பை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். கோப்பு ஆடியது.

அதிலிருந்து அவர் பெயர் 'இருபது தொன்' ஆயிற்று. அறையில் பக்கத்துக் கட்டில் ஆதம்பாவா, கிண்ணியாவில் புடவைக் கடை வைத்திருப்பவர். முதுகு நோவுக்கு என்று தொடங்கிய குளிசை, நாளுக்குப் பதினைந்து என்று வளர்ந்துவிட்டிருந்தது. குடிக்காத மனிதர், தொழுகை தவறாதவர், தனக்கு எப்படி இது வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. வீட்டார் ஊருக்கு, அவர் நாற்பது நாள் மார்க்கப் பிரசாரத்துக்கு ஜமாஅத்தில் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். ஆதம்பாவாவுக்கு அதுதான் பெரிய வேதனை. திரும்பிப் போனால் எந்த ஊர், எந்தப் பள்ளிவாசல் என்று கேட்பார்களே, அல்லாஹ்வின் பெயரில் பொய் சொல்வதா என்று புரண்டுகொண்டிருப்பார்.

"நானா, எனக்கு ரெண்டு பொய் சொல்லியிருக்கினம். மெஷினும் பழக வேணும், தையல் அடையாளமும் காட்ட வேணும்," என்று சோமசேகரம் ஆறுதல் சொன்னார்.

மூன்றாம் கிழமை சோமசேகரம் சனூஸாவிடம் முறைப்பாடு வைத்தார். வந்து இருபது நாளாகிறது, கூட்டுகிறோம், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம், கதைக்கிறோம், கதைக்கிறோம், ஊசியை மட்டும் காணவில்லை. அப்படி ஒரு ஊசி இல்லை என்று அவள் சொன்னபோது, தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றே அவருக்குத் தோன்றியது. சிலருக்கு உதவும் குளிசைகள் உண்டு, அவர் ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொண்டு வந்ததும் அதுதான், ஆனால் குடியை ஒரே குத்தில் வெட்டியெடுக்கும் மருந்து யாரிடமும் இல்லை என்றாள்.

குடும்பத்தார் வரும் நாளில் பூரணியும் சுகிர்தனும் வந்தார்கள். சுகிர்தன் சுற்றிப் பார்த்தான். சங்கிலியைக் காணாமல் அவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பிறகு சனூஸாவிடம், அத்தானுக்கு எத்தனை வருஷ வொறண்டி என்று கேட்டான். சனூஸா, உங்களுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றான். அதற்கு எத்தனை வருஷ வொறண்டி தந்தார்கள் என்றாள்.

அன்று பூரணியையும் கதைக்கச் சொன்னார்கள். அவள் தயங்கித் தயங்கித் தொடங்கினாள். பின்னேரங்களில் குசினிக்குள் நின்றுகொண்டு கேற்றுச் சத்தத்துக்குக் காது கொடுப்பாளாம்.

"கொளுக்கி ஒரு தரத்தில திறந்தா கால் போத்தல். ரெண்டு மூண்டு தரம் தட்டுப்பட்டா அரை. கேற்றையே உதைச்சா, நான் அடுப்பை நிப்பாட்டிப்போட்டு அறைக்குள்ள போயிருவன். பதினாலு வருஷமா ஒருநாளும் பிழைக்கேல்ல."

சோமசேகரம் தலையைக் குனிந்துகொண்டார். தான் கை நீட்டியதில்லை என்பது அவருடைய பட்டியலில் பெரிய பெருமை. அவள் ஒவ்வொரு நாளும் பயந்து காது கொடுத்தது எந்தப் பட்டியலிலும் இல்லை. அன்றுதான் முதன்முதலாகக் கூட்டத்தில், சாராயத்தில் முப்பது வருஷம் என்று தன் பெயரோடு சேர்த்துச் சொன்னார். இருபது தொன் அழுவதைக் கண்டு பல் போனவரும் அழுதார்.

ஆறு கிழமை முடிந்து வீட்டுக்கு வந்தால், வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. வினாகிரி இல்லை, இருமல் பாணி இல்லை, வாசனைத் தண்ணீர் இல்லை. சுகிர்தன் சுவர்க் கலண்டரைக்கூடக் கழற்றியிருந்தான், அதைத் தந்தது சாராயக் கடை. வெளியே வேறு விதமான துப்புரவு. கலியாண வீடுகளில் பந்தி முடிந்ததும், சோமண்ணைக்கு அலுப்பாக இருக்கும் என்று சொல்லி அவரை முதல் ஆளாக வழியனுப்பினார்கள். பெக்டரியில், ஐஸ் அறைக்குள் தனியாக விடலாமா என்று முதலாளி யோசித்தார். அங்கே ஐஸைத் தவிர வேறொன்றும் இல்லை என்றார் சோமசேகரம். அதுதான் யோசனை என்றார் முதலாளி. பாக்கியரத்தினத்தின் கதை அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது.

ஏழு மாதம் ஒரு சொட்டுத் தொடவில்லை. அதற்குப் பிறகு தம்பலகாமத்தில் ஒரு கலியாணம். பூரணிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. மத்தியான வெயில், உழவு மெஷின் கொட்டிலுக்குப் பின்னால் பழைய கூட்டாளிகள், ஒரு கிளாஸ். ஒன்றுதானே என்று தொடங்கியது எத்தனையில் முடிந்தது என்று அவருக்குத் தெரியாது. சுகிர்தன் ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான். மெஷின் திருத்தினது சரியில்லை, எல்லாம் வீண் என்று தெருவுக்கே கேட்கச் சொன்னான். சோமசேகரத்துக்கும் அப்படித்தான் பட்டது. அடுத்த நாள் காலையில், எல்லாம் போய்விட்டது, இனிச் சாராயக் கடைக்கே போக வேண்டியதுதான் என்று செருப்பைப் போட்டவர், ஏனோ கேற்றடியில் நின்று சனூஸாவுக்குப் போன் எடுத்தார்.

அவள் ஏசவில்லை. இன்றைக்கும் குடித்தீர்களா, கை நடுங்குகிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். எத்தனை மாதம் குடிக்காமல் இருந்தீர்கள் என்று கேட்டாள். ஏழு என்றார்.

"அந்த ஏழு மாசத்த ஒருத்தரும் களவெடுத்துக்கொண்டு போகல்ல, ஐயா. மெஷின் ஒருநாள் நிண்டா பெக்டரிய இடிச்சுப்போட்டுத் திரும்பக் கட்டுவீங்களா? வியாழக்கிழமை டவுனுக்கு நான் கிளினிக்குக்கு வருவன். வாங்க."

வியாழக்கிழமை போனார். ஆதம்பாவாவும் வந்திருந்தார். ஊருக்குப் போன இரண்டாம் நாளே பொய்யைச் சுமக்க ஏலாமல் மௌலவியிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டாராம். மௌலவி ஆச்சரியப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு, நிலையத்தின் போன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டாராம், தன் மச்சான் ஒருவருக்காக.

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறையன்று காலையில் அதிபர் பாக்கியரத்தினம் கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். கையில் பத்திரிகை, ஆனால் வாசிக்கவில்லை. கதிரையின் நுனியில் உட்கார்ந்து, மழை பற்றியும் கல்வி அமைச்சு பற்றியும் கொஞ்ச நேரம் கதைத்தார். பிறகு, ஓய்வுபெற்றதிலிருந்து நித்திரை வருவதற்காகத் தான் எடுக்கும் அளவு, இப்போது நித்திரை கலைந்த பிறகும் தேவைப்படுகிறது என்றார். புத்தக அலுமாரிக்குப் பின்னால் வைத்திருப்பதாகவும், மனைவிக்குத் தெரியாது என்று தான் நினைப்பதாகவும் சொன்னார்.

சோமசேகரத்துக்கு ஒரு குத்தல் பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. ஐஸ் கதையைப் பரப்பின மனிதர். ஆனால் அதிபரின் விரல்கள் பத்திரிகையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அந்தத் தாளம் அவருக்குத் தெரியும். முதலில் தனியாக நிற்பாட்டிவிடவேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஏன் தன்னிடம் வந்தீர்கள், தானே போன கிழமை விழுந்தவனாயிற்றே என்று கேட்டார்.

"அதுக்காகத்தான் வந்தனான், சோமு," என்றார் அதிபர். "நீர் ஒரேயடியாத் திருந்தியிருந்தா எனக்கு வர வெக்கமா இருந்திருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அங்க என்னட்டைப் படிச்ச ஆக்கள் இருப்பினமோ?"

இரண்டு பேர் இருந்தார்கள் என்றார் சோமசேகரம். ஒருவர் நன்றாகச் சமைப்பார். மற்றவர் மாஸ்டர் படிப்பித்த கணக்கு இன்னும் நினைவிருக்கிறது என்று சொல்வார், அடியும் நினைவிருக்கிறதாம்.

பாக்கியரத்தினம் போனார். பென்ஷன் அலுவலாகக் கொழும்பு என்று ஊருக்குச் சொன்னது அவருடைய மனைவி. ஆனால் பதினோராம் நாள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். நிலையத்து அறிவித்தல் பலகையில் எழுத்துப் பிழை இருந்ததாம், திருத்தச் சொல்லியும் திருத்தவில்லையாம். இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் போனார். இம்முறை பலகையில் எழுத ஒரு பெட்டி வெண்கட்டியோடு போய், முழுக்காலமும் இருந்துவிட்டு வந்தார். இப்போது வியாழக்கிழமைகளில் இருவரும் ஒரே பஸ்ஸில் கிளினிக்குக்குப் போகிறார்கள். பின்னால் உட்காருவோமா, முன்னாலா என்பதில் மட்டும் ஒவ்வொரு கிழமையும் சண்டை.

சோமசேகரத்துக்கு அந்தக் கலியாணத்துக்குப் பிறகு பதினாறு மாதம் ஆகிறது. இனி ஒருபோதும் விழமாட்டேன் என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. ஐஸ் கதையை மறுப்பதையும் விட்டுவிட்டார். அதை நம்பித் தங்கள் பிள்ளைகளுக்காக வீடு தேடி வந்த இரண்டு தாய்மாருக்குச் சனூஸாவின் நம்பரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மறுத்திருந்தால் அவர்கள் வாசலிலேயே திரும்பியிருப்பார்கள்.

வேலை முடிந்து வீடு வரும் வரையான அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்குச் சிக்கல் என்று சனூஸா கண்டுபிடித்துச் சொல்லியிருந்தாள். அதனால் இப்போது நாலு மணிக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு தபால் கந்தோர் வாசலுக்குப் போய்விடுகிறார். பூரணி வந்ததும் கடற்கரை வீதியால் இருவரும் நடப்பார்கள். அந்த நேரத்தில் பெண்சாதியோடு என்ன கதைப்பது என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. முத்திரை விலை கூடியிருக்கிறதா என்று கேட்பார். இல்லை என்பாள் அவள். நேற்றும் அதைத்தான் கேட்டார்.